மிஸ்னா தப்பு இல்ல சார்

கேன்டீனில் வடை வைத்தால், "இது எப்பப் போட்டது அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தன் பக்கம் இழுப்பார். யாராவது ஓடிவந்து, "நாளைக்கு லீவாம்!" என்றால், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நேரம் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அவர் மட்டும், "எங்கேர்ந்து வந்துச்சு?" என்பார். மிரட்டலோ கிண்டலோ இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மணி கேட்பது போலத் தணிந்த குரலில் கேட்பார். பதில் சொல்பவருக்குத்தான் ஏதோ திருடி அகப்பட்டது போல ஆகிவிடும்.

தஞ்சாவூருக்குக் கொஞ்சம் வெளியே இருந்த ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியன். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும், ஒருநாள் முதல்வர் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் சென்டருக்கு இனிமே நீங்கதான் பொறுப்பு" என்றார். எனக்கு மெயில் திறக்கத் தெரியும், அதில் வந்த படத்தைப் பெரிதாக்கத் தெரியாது. அதைச் சொன்னேன். "பொறுப்புன்னா கையெழுத்து போடறது சார். வேலையை அந்த மேடம் பாத்துக்குவாங்க" என்றார்.

அந்த மேடம்தான் இவர். அப்போது முப்பது வயதுகூட இருக்காது. வேளாங்கண்ணிக்கு வடக்கே ஒரு மீனவ கிராமம். வீட்டில் எல்லாரும் கடல் தொழில். இவர் மட்டும் எம்.சி.ஏ. படித்து, மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். தஞ்சாவூரில் மீன் சாப்பிட மாட்டார். கேட்டால், "கடலை விட்டு எப்பக் கெளம்புச்சுன்னு அதுக்கே மறந்துபோயிருக்கும் சார்" என்பார்.

நான் பொறுப்பேற்ற முதல் மாதமே முதல்வருக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது கல்லூரி முழுவதற்கும் ஒல்லியான ஒரே இன்டர்நெட் லைன். எல்லாக் கணினிகளுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே ப்ராக்ஸி என்று ஒரு கணினி உட்கார்ந்திருந்தது. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அதுதான் வாங்கிக் கொடுக்கும். வாங்கியதில் ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதையே கேட்டால் வெளியே போகாமல் தன் நகலை நீட்டிவிடும். யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதிவாகிக்கொண்டே இருக்கும். தன்னிடமிருந்து கொடுத்தால் அந்த வரியில் ஹிட் என்று விழும். வெளியே போய் வாங்கி வந்தால் மிஸ்.

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு எதுவும் புரியவில்லை. பக்கம் பக்கமாக மிஸ், மிஸ், மிஸ் என்று ஓடுவதைப் பார்த்துப் பதறி, "இந்த மாதம் தவறுகள் அதிகம். குறைக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

அவர் அதைப் படித்தார். தலைமுடியில் இருந்த கிளிப்பைக் கழற்றிப் பல்லில் வைத்துக்கொண்டார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"மிஸ்னா தப்பு இல்ல சார். கேட்டது கெடைச்சிருச்சு. நம்மகிட்ட இல்லாததால வெளியேர்ந்து வந்துச்சு, அவ்வளவுதான்."

"அப்ப ஹிட்னா?"

"நம்மகிட்டயே இருந்துச்சு. சீக்கிரம் வந்துரும். ஆனா பழசா இருக்கலாம்."

"அப்ப எது நல்லது மேடம்?"

"எதைக் கேட்டீங்கங்கறதைப் பொறுத்தது சார்."

எனக்குத் தலை சுற்றியது. அதற்கு மேல் மூன்றாவதாக ஒரு வகை வேறு. நகல் கையில் இருக்கும், ஆனாலும் ப்ராக்ஸி அதை அப்படியே நீட்டாது. வெளியே போய், "இது மாறியிருக்கா?" என்று கேட்கும். மாறவில்லை என்று பதில் வந்தால், திரும்பி வந்து அந்தப் பழைய நகலையே கொடுக்கும். "கையில இருக்கறதையே குடுக்கறதுக்கு எதுக்கு மேடம் அவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மனிதர் எப்படி வாத்தியார் ஆனார் என்ற கேள்வி தெரிந்தது. அல்லது எனக்கு அப்படிப் பட்டது. அவர் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடிந்ததில்லை.

அந்த வருடம் ஒரு விவகாரம். கல்லூரிச் செயலாளரைக் கேலி செய்து யாரோ ஓர் இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். படம், பாட்டு, எல்லாம். ஒரே காலையில் கல்லூரி முழுக்கப் பார்த்துச் சிரித்துவிட்டது. முதல்வர் விசாரணைக் குழு அமைத்தார். பொறுப்பாசிரியன் என்பதால் நானும் அதில் இருந்தேன். மேடத்தை ப்ராக்ஸியின் லாக், அதாவது அந்தப் பதிவு வரிகளை, எடுத்துவரச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்துக்கான முதல் வரி, நூலகத்தில் இருந்த ஒரு கணினி. கடைசி வருட மாணவி ஒருத்தியின் பெயரில் திறந்தது. மிஸ். அதற்குக் கீழே வரிசையாக எல்லாம் ஹிட்.

முதல்வர் மேசையைத் தட்டினார். "புடிச்சாச்சு. முதல்ல கொண்டாந்தது இந்தப் பொண்ணுதான். மத்தவங்களுக்கெல்லாம் இவ மூலமாத்தான் போயிருக்கு."

"அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றார் அவர். "மொத நாள் சாயங்காலம் டிஸ்க் நெறைஞ்சுபோச்சுன்னு நான்தான் எல்லா நகலையும் அழிச்சேன். அடுத்த நாள் காலையில யாரு எதை மொதல்ல கேட்டாலும் மிஸ்னுதான் விழும். அந்த நேரத்துல அது நம்மகிட்ட இல்ல. இந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம்."

மாணவி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளும் அவருடைய ஊர்ப்பக்கம்தான். இரண்டு வீட்டாருக்கும் பழக்கம் உண்டு என்று பிறகு தெரிந்தது. அழுது வீங்கியிருந்த முகம் சட்டென்று நிமிர்ந்தது.

"அப்ப இந்தப் பொண்ணு அதைப் பண்ணலைங்கறீங்க?"

"அதையும் சொல்லலை சார்."

"பண்ணியிருக்கலாங்கறீங்க?"

"எனக்குத் தெரியாது சார். இதுல அது இல்ல."

விசாரணை நகரவில்லை. கடைசியில் அது அப்படியே விடப்பட்டது. மாணவி தேர்வு எழுதிவிட்டுப் போனாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். முதல்வருக்கும் அவர்மேல் கோபம், மாணவிக்கும் அவர்மேல் கோபம். எனக்கே கொஞ்சம் கோபம்தான்.

"நல்ல பொண்ணு, அப்படிச் செய்ய மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். ஊர்க்காரப் பொண்ணு வேற."

"நல்ல பொண்ணுதான் சார். அதை அவங்க கேக்கலையே" என்றார். அன்று முழுவதும் கிளிப் பல்லிலேயே இருந்தது. மதியம் கேரியரைத் திறக்கவே இல்லை.

இதை இரக்கமில்லாத்தனம் என்பதா, நேர்மை என்பதா? எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமலேயே அடுத்த ஐப்பசி வந்தது. அதன் கடைசியில் புயலும் வந்தது.

புயல் கரையைக் கடந்த மறுநாள் கல்லூரிக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தோம். நன்னிலத்தில் எங்கள் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்பதாகத் தம்பி போனில் சொல்லியிருந்தான். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "சார், எனக்கும் லீவு வேணும். அண்ணன் கடலுக்குப் போன போட்டு இன்னும் திரும்பலை" என்றார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. கை மட்டும் விடுப்புக் கடிதத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தது. தனியாக அனுப்ப மனம் வரவில்லை. என் வழியும் பாதி தூரம் அதுதான். கூடவே பஸ் ஏறினேன். திருவாரூர் தாண்டும்போதே அவருடைய போன் விடாமல் அடிக்கத் தொடங்கியது.

"போட்டு கோடியக்கரையில ஒதுங்கிருச்சாம். எல்லாரும் நல்லா இருக்காங்களாம்."

கூப்பிட்ட ஒவ்வொருவரும் இதையேதான் சொன்னார்கள். நான் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. "மேடம், இத்தனை பேர் சொல்றாங்களே" என்றேன்.

"இத்தனை பேரும் ஒரே வாய்ஸ் மெசேஜைத்தான் சார் கேட்டிருக்காங்க."

அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெரிய சட்டியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய அண்ணி, அதாவது கடலுக்குப் போனவரின் மனைவி, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு எல்லாருக்கும் டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தார். என்னையும் யார் என்று கேட்காமலே, "சார், உக்காருங்க, டீ குடிங்க" என்றார். பிறகு மேடத்தின் தோளைப் பிடித்து உலுக்கி, "பாப்பா, ஒங்க அண்ணன் பொழைச்சிருச்சு பாப்பா!" என்று சிரித்தார். அழுகையும் கலந்த சிரிப்பு.

அவர் டீயை வாங்கிக் கீழே வைத்தார். போனோடு வெளியே வந்து வேலி ஓரம் நின்றார். நானும் போனேன். அந்த மெசேஜ் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒவ்வொருவராகப் பின்னால் பிடித்துக்கொண்டே போனார். அண்ணியின் சித்தப்பா. அவருக்கு அனுப்பிய மீன் வியாபாரி. வியாபாரிக்கு அனுப்பியவர். கடைசியில் நாகப்பட்டினத்தில் ஓர் அம்மாள் கிடைத்தார். சத்தம் சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எனக்கும் கேட்டது.

"அது என் கொரல்தாம்மா. ஆனா அது இதுக்கு முந்துன புயல் அடிச்சப்பப் போட்டது. அப்ப நான் கோடியக்கரையில இருந்தேன். அந்தப் போட்டு அப்ப அங்க ஒதுங்குச்சு, பார்த்தேன், சொன்னேன். இப்ப எவன் எடுத்து அனுப்புனான்னு தெரியலையே! இப்ப அந்தப் பக்கம் டவரே இல்லம்மா."

அவர் போனை இறக்கினார். உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"சொல்லாதீங்க மேடம்" என்றேன். "நாளைக்கு உண்மையான சேதி வந்துரும். ஒரு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

"பொழைச்சிருச்சுன்னு சொல்லித்தான் சார் ஊர்ல யாரும் தேடப் போகலை."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் உள்ளே போனார். அடுப்பை அணைத்தார். பிறகு, தணிந்த அதே குரலில், அது பழைய மெசேஜ், அண்ணனைப் பற்றி இப்போது யாருக்கும் எதுவும் தெரியாது என்று சொன்னார்.

அண்ணியின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. "ஒன் வாயால அவரைக் கொன்னுட்டியே!" என்று அண்ணி அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் கதவோரம் நின்றிருந்த ஓர் இளைஞர் மேடத்தை ஒரு தடவை பார்த்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைப் பக்கம் ஓடினார். அண்ணியின் தம்பி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு படகுகள் தேடப் புறப்பட்டன. கடல் அப்போதும் அடங்கியிருக்கவில்லை.

நான் ஊருக்குப் போய்விட்டேன். மீதியைப் பிறகு அவர் சொல்லித்தான் கேட்டேன்.

தேடப்போன படகுகளில் ஒன்றுக்கு நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனது. மற்றதோடு கயிறு கட்டும்போது ஓர் அலை இரண்டையும் சேர்த்து மோதியது. அண்ணியின் தம்பிக்கு வலது கை நடுவில் மாட்டி நசுங்கியது. யாரையும் கண்டுபிடிக்காமல் திரும்பினார்கள். அதற்கு அடுத்த நாள் அண்ணன் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் டிராக்டரிலுமாக வீடு வந்து சேர்ந்தார். படகு கோடியக்கரையில்தான் ஒதுங்கியிருந்தது. போன தடவை ஒதுங்கிய அதே இடம். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அவர் இதைச் சொல்லி முடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப அந்த மெசேஜ் சரிதானே மேடம்?"

"சரியாத்தான் இருந்துச்சு சார். ஆனா அது சரின்னு அப்ப யாருக்கும் தெரியாது."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அந்தப் பையன் கை போயிருக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அவங்க நெசமாவே கடல்ல கெடந்திருந்தா?"

"கெடக்கலையே."

"அது இப்பத்தானே சார் தெரியும்" என்றார். எழுந்து வெளியே போனார். நான் அவரிடம் பேசியதிலேயே மோசமானது அந்தக் கையைப் பற்றிய பேச்சுதான். அதற்கு எது சரியான பதில் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சில நாள் அவர் செய்தது சரி என்று தோன்றும். சில நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன என்று தோன்றும்.

அண்ணி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். புருஷன் திரும்பி வந்தாயிற்று. ஆனால் தம்பியின் கை வலை இழுக்காது. வலது கையின் விரல்கள் மடங்கவே இல்லை. தஞ்சாவூரில்தான் வைத்தியம் நடந்தது. சாயங்காலம் கல்லூரி விட்டதும் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவர் மருத்துவமனைக்குப் போவார். அண்ணி வார்டில் இருந்தால் வாசலிலேயே நின்று, அண்ணி கீழே இறங்கிய பிறகு உள்ளே போவார். குற்ற உணர்ச்சி பாடாய்ப் படுத்துகிறது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டோம். நானும் அதை நம்பினேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலையில் மஞ்சள் தடவிய பத்திரிகையை என் மேசையில் வைத்தார். மாப்பிள்ளை பெயரைப் படித்தேன். அண்ணியின் தம்பி.

வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. "மேடம், இது... அந்தக் கைக்காகவா?"

அவர் சிரித்தார். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "நீங்களுமா சார்? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. அவரை எனக்குக் காலேஜ் சேர்ந்த வருஷத்துலேர்ந்து தெரியும். வீட்ல சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் தைரியம் இல்ல."

அப்படியானால் அன்று கதவோரம் நின்றவர் அவரைப் பார்த்த அந்தப் பார்வை? மாமாவைத் தேட ஓடினாரா, இவர் சொன்ன சொல்லுக்காக ஓடினாரா? கேட்க நினைத்தேன். முகூர்த்த நேரம் மட்டும் கேட்டேன்.

கல்யாணம் அவர்கள் ஊர் அம்மன் கோவிலில். நன்னிலத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். அண்ணன் வாசலில் நின்று, சந்தனம் கொடுத்து, "வாங்க சார், வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூட்டத்தில் எல்லார் கண்ணும் அண்ணி மேலேயே இருந்தது. அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், தட்டு எடுப்பதும் பூ எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தார். மணப்பெண் பக்கம் திரும்பவே இல்லை.

மேளம் உயர்ந்தது. மாப்பிள்ளை தாலிக் கயிற்றை இரண்டு கையாலும் எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். முடிச்சுப் போட வேண்டும். விரல் மடங்கவில்லை. கயிறு நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் நின்றோம். மேளக்காரர் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் அக்கா தங்கைதான் போடுவது வழக்கம். முதல் முடிச்சே விழவில்லை.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். மணப்பெண்ணின் பின்னால் வந்து நின்றார். தம்பியின் கையிலிருந்து கயிற்றின் இரண்டு முனைகளையும் வாங்கினார். மாலையில் சிக்கியிருந்த பின்னலை எடுத்து ஒதுக்கிவிட்டார். அந்தப் புயலுக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் பேசினார்.

"தலையைக் கொஞ்சம் குனி பாப்பா."